வண்டிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என் பாடம் எப்படி இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் படிக்க நேரமில்லாதவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கட்டாயம் கடைசி வரை படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் தொலைபேசியில் கூப்பிட்டான். பையன் என்று நான்தான் சொல்கிறேன். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். "சார், ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்.யூ.வி. பார்த்திருக்கேன். பாண்டிச்சேரி நம்பர், 2014 மாடல், சிங்கிள் ஓனர். அம்மாவை மாசாமாசம் ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போகணும். பஸ்ல அவங்களால முடியல. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு" என்றான்.

எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? முப்பது வருடம் சோழர் காலமும் பிரெஞ்சுப் புரட்சியும் நடத்தியவன். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டேன். "வில்லங்கம் பார்த்தியாப்பா?"

அவன் சிரித்துவிட்டான். "நிலமா சார் வாங்குறேன், வில்லங்கம் பார்க்க?"

நான் சிரிக்கவில்லை. ஏன் அப்படிக் கேட்டேன் என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது, என் தப்பு ஒன்றும் இருக்கிறது. முதலில் வரலாறு.

நம் ஊரில் நாலு சென்ட் மனை வாங்கினாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்காமல் யாரும் பணத்தைக் கையில் கொடுப்பதில்லை. முப்பது வருடத்துக்கு யார் விற்றார், யார் வாங்கினார், அடமானம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பழைய கார் வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், லோன் பாக்கி, பாண்டிச்சேரி வண்டி என்றால் என்.ஓ.சி. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் இன்ஜின் சத்தம் கேட்கிறோம். டிங்கரிங் வேலை நடந்திருக்கிறதா என்று கதவு ஓரத்தைத் தடவிப் பார்க்கிறோம். கம்பெனியே "இந்த வண்டியில் ஒரு குறை இருக்கிறது, கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று அழைத்திருக்கிறதா, அப்படி அழைத்தபோது இந்த வண்டி போனதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்த அழைப்புக்குப் பெயர்தான் 'ரீகால்'. செய்தித்தாளில் "இத்தனை ஆயிரம் கார்களைத் திரும்பப் பெறுகிறது" என்று போடுவார்கள். அதைப் படித்துவிட்டுப் பலர் வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. குறையுள்ள பாகத்தை மட்டும் செலவில்லாமல் மாற்றித் தருவார்கள், வண்டி உங்களுடையதுதான்.

இந்தப் பழக்கம் சட்டமானது அமெரிக்காவில். 1965இல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வழக்கறிஞர் ஒரு புத்தகம் எழுதினார். எந்த வேகத்தில் ஓட்டினாலும் ஆபத்துதான் என்ற பொருளில் தலைப்பு. செவர்லே கோர்வேர் என்ற காரின் பின்சக்கர அமைப்பைப் பற்றியது முதல் அத்தியாயம். அதுவரை விபத்து என்றால் ஓட்டுநர் தப்பு, அல்லது சாலையின் தப்பு. வண்டியின் தப்பாகவும் இருக்கலாம் என்று அவர் ஊரறியச் சொன்னார். அடுத்த வருடமே, 1966 செப்டம்பரில், அதிபர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். குறை தெரிந்தால் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டியது கம்பெனியின் கடமை ஆனது.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் எஸ்.யூ.வி. கதை வருகிறது.

1990இல் ஃபோர்டு கம்பெனி எக்ஸ்புளோரர் என்ற வண்டியை அறிமுகப்படுத்தியது. உயரமான வண்டி, குடும்பத்தோடு போகலாம், சாமான் ஏற்றலாம். அமெரிக்கக் குடும்பங்கள் போட்டி போட்டு வாங்கின. பலவற்றில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி டயர் போட்டிருந்தார்கள். சில வருடம் கழித்து ஒரே மாதிரி விபத்துகள் நடக்க ஆரம்பித்தன. வெயில் காலம், நெடுஞ்சாலை, வேகம். திடீரென்று டயரின் மேல்தோல் தனியாக உரிந்து வரும், வண்டி இழுக்கும், உருளும். உயரமான வண்டி என்பதால் உருண்டால் உயிருக்கே ஆபத்து. டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களில்தான் அதிகம் நடந்தது.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவு ஊழியர். வந்த கோரிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். 1998இல் 21 சம்பவங்களைத் தொகுத்து அரசு அமைப்புக்கு எழுதினார். உடனே எதுவும் நடக்கவில்லை. 1999இல் சவூதி அரேபியாவில் ஃபோர்டு தானாகவே டயர்களை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்காவில் அப்போது செய்யவில்லை. 2000 ஆகஸ்ட் 9 அன்றுதான் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்க அரசின் கணக்குப்படி அந்த டயர்களோடு தொடர்புடைய மரணங்கள் 271.

டயர்தான் குற்றவாளி என்றது ஒரு கம்பெனி. வண்டியின் அமைப்பும், சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு காற்று போதும் என்று சொன்னதும்தான் குற்றம் என்றது மற்றது. நூறு வருடத்தை நெருங்கிய உறவு 2001இல் முறிந்தது. இந்தச் சண்டையால் ஒரு நல்லது நடந்தது. 2000ஆம் ஆண்டு இறுதியில் ஒரு புதுச் சட்டம் வந்தது. புகார்கள், மரணங்கள், வெளிநாட்டில் செய்த ரீகால்கள் எல்லாவற்றையும் கம்பெனிகள் அரசிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றது அது. சவூதியில் மாற்றினால் டெக்சாஸுக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

மாணவர்களே, இதில் உங்கள் கவனத்துக்கு ஒன்று. 21 என்ற அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? 21 குடும்பங்கள் தங்கள் கஷ்டத்தை எழுத்தில் கொடுத்திருந்தார்கள். டீக்கடையில் புலம்பிவிட்டுப் போயிருந்தால் எண்ணுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். என் இளமையில் சாலையில் இருந்தது அம்பாசடர், பிரீமியர் பத்மினி, நம் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு. பல வருடம் பதிவு செய்து காத்திருந்து வாங்கிய வண்டியில் குறை இருந்தால் நம் தலையெழுத்து. பட்டறை மேஸ்திரி கம்பி கட்டிச் சரிசெய்வார். 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து, தனிமனிதர் வழக்குப் போட வழி பிறந்தது. ஆனால் ஒரே குறை உள்ள ஆயிரம் வண்டிகளை மொத்தமாகக் கூப்பிட்டுச் சரிசெய்ய வைக்கும் சட்டம் நம்மிடம் நெடுங்காலம் இல்லை.

கம்பெனிகள் தாமாகச் செய்வது உண்டு. 2010இல் மாருதி ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களை எரிபொருள் பம்ப் அருகே கசிவு வரலாம் என்று அழைத்தது. 2012 ஜூலையில் இந்திய வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம், ஒரு தன்னார்வ நெறிமுறையை வகுத்தது. ஏழு வருடத்துக்குள் தயாரான வண்டிகளில் பாதுகாப்புக் குறை தெரிந்தால் அறிவித்துச் சரிசெய்வது என்று ஒப்புக்கொண்டார்கள். விருப்பத்தின் பேரில் செய்வதுதான், கட்டாயம் இல்லை.

அடுத்த வருடமே ஒரு பெரிய சம்பவம். செவர்லே தவேரா உங்களுக்கு நினைவிருக்கும். திருவண்ணாமலை கிரிவலம், மேல்மருவத்தூர், பெண் பார்க்கப் போவது, விமான நிலையத்தில் மாமாவை அழைத்து வருவது என்று எல்லாவற்றுக்கும் தவேராதான். பத்துப் பேர் ஏறி, பின்னால் இரண்டு குழந்தைகள் மடியில். 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா, 2005 முதல் 2013 வரை தயாரான சுமார் 1.14 லட்சம் தவேராக்களைத் திரும்ப அழைத்தது. காரணம் பாதுகாப்புக் குறை அல்ல, புகை. புகைச் சோதனையில் தேற வேண்டும் என்பதற்காகக் கம்பெனி ஊழியர்கள் சிலரே முறைகேடு செய்திருந்தது உள் விசாரணையில் தெரிந்தது. பலர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். மத்திய அரசு அமைத்த குழுவும் விசாரித்து, இது நிறுவன மோசடி என்றே சொன்னது. 2017 இறுதியோடு அந்தக் கம்பெனி இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஆனால் தவேராக்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. விற்றவர் கடையைக் கட்டினாலும் வாங்கியவர் கையில் வண்டி இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு கதை நமக்கு இன்னும் பக்கம். ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டிப் போனால் மறைமலை நகர். 1999இல் அங்கே ஃபோர்டு தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நம் மாணவர்களில் டிப்ளமோ முடித்த சிலர் அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில்தான் வேலைக்குப் போனார்கள். 2013 ஜூனில் அங்கே தயாரான ஈகோஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. சின்னக் குடும்பத்துக்கு ஏற்ற சின்ன எஸ்.யூ.வி. நன்றாக விற்றது.

அதன் ரீகால் வரலாற்றைப் பாருங்கள். 2016 மே மாதம் 48,700 வண்டிகள் அழைக்கப்பட்டன. பெரும்பாலானவை டீசல், எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் செல்லும் விதத்தைச் சரிசெய்ய. மீதியில் பின் இருக்கைச் சாய்வின் போல்ட் பிரச்சினை. 2018 ஜூலையில் 5,397 வண்டிகள். சிலவற்றில் முன்சக்கரத்தைத் தாங்கும் கையின் வெல்டிங், சிலவற்றில் முன் இருக்கையின் பூட்டு. அதே வருடம் செப்டம்பரில் 7,249 பெட்ரோல் வண்டிகள், மென்பொருளுக்காக. 2019 ஜூலையில் பெரிய வண்டியான பழைய எண்டெவர் 22,690. 2004 முதல் 2014 வரை தயாரானவை, முன்பக்க ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகத்துக்காக.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் மோசமான கம்பெனி" என்று முடிவு கட்டாதீர்கள். அங்கேதான் நாம் தப்பு செய்கிறோம். ரீகால் அறிவிப்பது தன் தப்பைத் தானே கரும்பலகையில் எழுதுவது மாதிரி. எந்தக் கம்பெனியும் இதற்கு விலக்கில்லை. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா 1,08,306 எக்ஸ்.யூ.வி. 700 வண்டிகளை வயரிங் சோதனைக்கு அழைத்தது. 2024இல் ஹூண்டாய் 7,698 கிரெட்டா, வெர்னா கார்களை அழைத்தது. அழைத்த வண்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழைத்தும் போகாத வண்டிதான் பயப்பட வேண்டிய வண்டி.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் மறைமலை நகரிலும் கடைசி வண்டி வெளியே வந்தது. சர்வீஸும் உதிரிப் பாகமும் தொடரும் என்றார்கள். ஆனால் ஒரு கம்பெனி வெளியேறுகிறது என்றால் பழைய வண்டியின் விலை இறங்கும். விலை இறங்கினால் நம்மைப் போன்றவர்கள் வாங்குவோம். அதாவது வண்டி வயதாகும்போது, பழைய உரிமையாளரைவிட வசதி குறைந்தவர் கைக்கு வருகிறது. அவருக்கு அந்தப் பழைய கடிதங்கள் எதுவும் தெரியாது.

ஏர்பேக் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் கடலோரத்துக்காரர்கள்.

ஜப்பானில் டகாட்டா என்று ஒரு கம்பெனி. உலகத்தின் பல கார் கம்பெனிகளுக்கு ஏர்பேக் செய்து கொடுத்தது. மோதும் நொடியில் பை ஊத வேண்டும் என்றால் ஒரு வேதிப்பொருள் பட்டென்று எரிந்து வாயுவாக வேண்டும். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். நம் வானூர்ப் பக்கம் கல் குவாரிகளில் வெடி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். பாறை உடைக்கப் பயன்படும் பொருள்களில் இதுவும் ஒன்று. வெப்பமும் ஈரக்காற்றும் வருடக்கணக்கில் மாறி மாறிப் பட்டால் அந்தப் பொருள் கெட்டுப்போகும். கெட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். அதைச் சுற்றியுள்ள உலோகக் கூடு வெடித்துத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். உயிர் பிழைக்கக்கூடிய சின்ன மோதலில்கூட ஏர்பேக்கே உயிரை எடுத்துவிடும்.

2008இல் ஹோண்டா சுமார் 4,000 கார்களை அழைத்ததில் இது தொடங்கியது. கடைசியில் உலகம் முழுவதும் சுமார் 10 கோடி ஏர்பேக் பாகங்கள் வரை போனது; கார் வரலாற்றிலேயே மிகப் பெரிய ரீகால். 2017 ஜனவரியில் டகாட்டா குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. ஜூனில் திவால் ஆனது. ஈரமும் வெயிலும் உள்ள ஊர்களிலும் பழைய வண்டிகளிலும்தான் ஆபத்து அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். குயிலாப்பாளையத்தில் மே மாத வெயிலில் கார் கதவைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் சுவரே வியர்க்கும். நம் ஊர் அந்தப் பட்டியலில் வரக்கூடிய ஊர்தான்.

சட்டத்துக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வந்தது. அதில் 110ஏ என்ற பிரிவின்படி, ஓட்டுபவருக்கோ பயணிக்கோ சாலையில் போகிற மற்றவருக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு வரும் குறை இருந்தால், மத்திய அரசே கம்பெனிக்கு உத்தரவிட்டு அந்த ரக வண்டிகளைத் திரும்ப அழைக்க வைக்கலாம். உரிமையாளர்களில் குறிப்பிட்ட விகிதத்தினர் புகார் கொடுப்பதும் அதற்கு ஒரு வழி. விதிகளை மீறும் தயாரிப்பாளருக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்றும் சட்டத்தில் சேர்த்தார்கள். இதற்கான விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு உத்தரவிட்டு அழைக்க வேண்டிய நிலை வந்தால் 10 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம் என்றது அந்த விதி. 1966க்கும் 2019க்கும் இடையே 53 வருடம். தாமதம்தான், ஆனால் வந்தது.

ஒரு குறை சொல்ல வேண்டும். இந்த விதி ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். முதல் உரிமையாளர் ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு விற்பார். நம் பையன் பதினோராவது வருடத்தில் வாங்குவான். வண்டி யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர் கைக்கு வரும்போது அரசு கட்டாயப்படுத்தும் காலம் முடிந்திருக்கும். எண்டெவர் விஷயத்தில் பதினைந்து வருடப் பழைய வண்டியையும் கம்பெனி அழைத்தது. அது கம்பெனியின் முடிவு. சட்டம் தந்த உரிமை அல்ல.

தனிமனிதர் போராடி வென்றதும் உண்டு. தில்லியைச் சேர்ந்த ஒருவர் 2015இல் கிரெட்டா வாங்கினார். நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாராகும் வண்டிதான். 2017இல் விபத்து. ஏர்பேக் விரியவில்லை, தலையிலும் மார்பிலும் பல்லிலும் காயம். அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். மோதலின் வேகமும் விசையும் ஏர்பேக் விரியப் போதுமானதாக இல்லை என்பது மாதிரி வாதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 ஏப்ரலில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. வாங்குபவர் இயற்பியல் நிபுணராக இருந்து விசையைக் கணக்குப் போட்டுக் கொண்டிருக்க வேண்டியதில்லை என்ற கருத்தை நீதிபதிகள் சொன்னார்கள். நஷ்டஈடாக 3 லட்சம் ரூபாயும் மாற்று வண்டியும் தர வேண்டும் என்ற உத்தரவு உறுதியானது. ரசீதையும் மருத்துவச் சீட்டையும் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் இது சாத்தியம்.

இனி என் கதை.

2010இல் ஜி.பி.எஃப். கடன் போட்டு ஒரு புது வண்டி வாங்கினேன். உறவினர்கள் எல்லோரும் அதில் ஏறியிருக்கிறீர்கள். எந்தக் கம்பெனி என்று நான் எழுதவில்லை. நீங்களும் கருத்துப் பெட்டியில் எழுத வேண்டாம். 2016இல் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பத்தி. ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக்கில் ஒரு பாகத்தை மாற்ற வேண்டும், அருகில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள், செலவில்லை என்று எழுதியிருந்தது. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் நேரம். "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்று நினைத்துப் பழைய வினாத்தாள் கட்டுக்குள் செருகி வைத்தேன். அப்படியே மறந்துபோனேன்.

2018இல் வண்டியைத் திண்டிவனத்தில் ஒரு புரோக்கர் மூலம் விற்றேன். நல்ல விலை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். வாங்கியவர் என்னிடம் ஒன்று கேட்டார்: "வண்டியில வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்குங்களா சார்?" வாத்தியார் பொய் சொல்லமாட்டார் என்று நம்பிக் கேட்ட கேள்வி. "ஒண்ணும் இல்லைங்க" என்றேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. ஆனால் உண்மை என் அலமாரியில் இருந்தது.

சென்ற வருடம் பொங்கலுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கடிதம் கையில் கிடைத்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மனைவி, "எட்டு வருஷம் ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

தேடினேன். புரோக்கர் சொன்னார், வண்டி சேத்துப்பட்டுப் பக்கம் போனது என்று. அங்கே விசாரித்தால் அவர் இரண்டு வருடத்தில் வேறு ஒருவருக்கு விற்றிருக்கிறார். போளூர்ப் பக்கம் என்றார், சரியாக ஞாபகமில்லை. போனில் உள்ள அரசுச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயரில் பாதி எழுத்துக்கு நட்சத்திரக் குறிதான் வருகிறது. அது தனியுரிமை, குறை சொல்ல முடியாது. பழைய இன்சூரன்ஸ் நகலில் இருந்த சேஸிஸ் எண்ணை எடுத்துக் கம்பெனிக்கே எழுதினேன். பதில் வந்தது. அந்த எண்ணுள்ள வண்டிக்கு ஏர்பேக் வேலை இன்னும் நடக்கவில்லை. அவர்கள் பதிவில் உள்ள உரிமையாளர் முகவரி எது தெரியுமா? குயிலாப்பாளையம், என் வீடு.

மூன்று கை மாறிய வண்டிக்கு இன்னொரு கடிதம் போட்டாலும் அது என் வாசலுக்குத்தான் வரும்.

கம்பெனிக்கு மறுபடி எழுதி, நான் உரிமையாளர் இல்லை என்று தெரிவித்தேன். இப்போதைய உரிமையாளருக்கு ஒரு தபால் அனுப்பச் சொல்லி அலுவலகம் ஒன்றில் மனுவும் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

அமெரிக்காவில்கூட இந்த ஓட்டை முழுவதும் அடைபடவில்லை. 2004இல் கலிஃபோர்னியாவில் இரண்டு சகோதரிகள் ஒரு வாடகைக் காரில் போனார்கள். அந்தக் காருக்கு ரீகால் கடிதம் வந்திருந்தது. வாடகைக் கம்பெனி சரிசெய்யாமலே கொடுத்திருந்தது. கார் தீப்பிடித்து லாரியில் மோதி இருவரும் இறந்தார்கள். அவர்களுடைய தாய் பத்து வருடத்துக்கு மேல் போராடி, ரீகால் பாக்கியுள்ள காரைப் பெரிய கம்பெனிகள் வாடகைக்கு விடக்கூடாது என்று 2015இல் சட்டம் வர வைத்தார். மகள்களின் பெயர்தான் அந்தச் சட்டத்துக்கு. ஆனால் பழைய கார் விற்பவருக்கு அந்தத் தடை வரவில்லை. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் அரசின் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்ல தொடக்கம். விற்கும் வண்டிக்கு ரீகால் பாக்கி இல்லை என்ற ஒரு வரியையும் கட்டாயமாக்கினால் என்ன என்பது என் கேள்வி.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆர்.சி.யில் சேஸிஸ் எண் இருக்கும். 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. அதை வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, "ரீகால் பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். பல கம்பெனிகளின் இணையதளத்திலேயே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சியாம் இணையதளத்திலும் ரீகால் பட்டியல் இருக்கிறது. வாங்கிய பிறகு உங்கள் பெயர், முகவரி, போன் நம்பரைச் சர்வீஸ் சென்டர் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றினால் கம்பெனிக்கும் தானாகத் தெரிந்துவிடும் என்று இருக்காதீர்கள். விற்பவராக இருந்தால், வந்த கடிதங்களை எல்லாம் வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள். ஓட்டும்போது ஒரு குறை திரும்பத் திரும்ப வந்தால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். இதைச் செய்யாத ஒரு வாத்தியாரின் கதையை இப்போதுதான் படித்தீர்கள்.

போன் செய்த பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். சிரித்தாலும் சொன்னதைச் செய்தான். பாண்டிச்சேரியில் சர்வீஸ் சென்டரில் எண்ணைக் கொடுத்திருக்கிறான். "சார், ஒண்ணு முடிச்சிருக்காங்க, ஒண்ணு பாக்கி இருக்காம். ஏர்பேக்தான்" என்றான் மறுநாள். விற்பவர் நல்ல மனிதர். தனக்கே தெரியாது என்று சொல்லி, வேலையை முடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். பாகம் வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அம்மாவை இந்த மாதமும் ஆட்டோவில்தான் ஜிப்மருக்குக் கூட்டிப் போயிருக்கிறான். "மூணு வாரம்தானே சார், பரவாயில்லை" என்றான்.

இப்போது நான் கேட்கும் உதவி. சேத்துப்பட்டு, போளூர், ஆரணி, வந்தவாசிப் பக்கம் உறவினர்களோ நண்பர்களோ உள்ளவர்கள் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். என் பழைய வண்டியின் எண்ணைத் தருகிறேன். டி.என். 16இல் தொடங்கும், வெள்ளை நிறம், 2010 மாடல். பொதுவில் எண்ணைப் போட வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்தக் குடும்பத்துக்குத் தொந்தரவு வரக்கூடாது. கண்டுபிடித்தால் அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: வாத்தியார் ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருக்கிறது, எட்டு வருடம் தாமதமாகிவிட்டது, வண்டியை எங்கே ஓட்டிக்கொண்டு போக வேண்டுமோ அங்கே தானும் கூட வருகிறேன் என்றார் என்று.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்
குயிலாப்பாளையம்